நேர்ந்துவிட்ட முடி

மைசூரில் வெயிலே கிடையாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தசராவுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனவர்கள். சித்திரை மாதத்தில் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் தலையில் வலை, வலைக்கு மேல் துணித் தொப்பி போட்டுக்கொண்டு நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். நான் பதினோரு வருடமாக அப்படித்தான் நிற்கிறேன். பிஸ்கட்டுகளைப் பாக்கெட் போடும் வேலை. தின்கிற பொருளில் ஒரு முடி விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொப்பி. அது நியாயம், அதைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தொப்பிக்குள் இருப்பதைப் பற்றி மற்றவர்கள் பேச ஆரம்பித்தால்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

எனக்கு முடி இடுப்பைத் தாண்டி ஒரு சாண் தொங்கும். அதைச் சுருட்டி வலைக்குள் அடைத்தால் தொப்பி சற்றுப் புடைத்து நிற்கும். ஒவ்வொரு கோடையிலும் சூப்பர்வைசர் முடியை வெட்டிக்கொள்ளச் சொல்லி, "கட் மாடிஸி அம்மா, வெயிலுக்கு உங்களுக்கே நல்லது" என்பார். தொப்பி கம்பெனியோடது, தலை என்னோடது என்று ஒரு தடவை கன்னடத்திலேயே திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கம்பெனி பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்துவாள், எண்ணெய் வாசனையாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து வாங்கிக்கோம்மா" என்றேன். எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கோடையில் முடியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மற்ற நாளில் போர்வெல் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று இரண்டு பக்கெட் காவிரித் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்துவிடுவேன், அதில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் போதும், கூடினால் தூசியும் வியர்வையும் அப்பிக்கொள்ளும். சுடுதண்ணீர் வேண்டாம். ஈரத்தோடு பின்னக் கூடாது. நிழலில்தான் உலர்த்த வேண்டும், மொட்டை மாடியில் அல்ல.

எனக்கு ஒரே மகள். பதினேழு வயது, பி.யு.சி. படிக்கிறாள். என்னைவிட அடர்த்தியான முடி அவளுக்கு. அவள் பேசுவது பாதி கன்னடம், பாதி தமிழ், கோபம் வந்தால் முழுக் கன்னடம். போன மழைக்காலத்தில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு காலையிலும் நர்ஸ் வந்து பிளேட்லெட் எவ்வளவு என்று சொல்லுவாள். ஒவ்வொரு முறையும் முந்தின முறையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. நாலாம் நாள் என் மகளின் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. நான் வார்டுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய், சேலை முந்தானையில் ஒற்றை ரூபாயை முடிந்துகொண்டு, எங்கள் ஊர்ப் பக்கத்து மலை இருக்கும் திசை எது என்றுகூடத் தெரியாமல் நின்று கும்பிட்டேன். "மாதப்பா, இவளைப் பொழைக்க வெச்சுக் குடு. இவ முடிய உனக்கே குடுத்தர்றேன்."

எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'இவ முடி' என்றுதான் சொன்னேன். 'என் முடி' என்று என் வாயில் வரவில்லை.

என் பிறந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். அங்கே பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் பிள்ளையின் முடியைத்தான் மாதப்பன் இருக்கிற மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொள்வார்கள். பிள்ளையைக் கேட்டுக்கொண்டு யாரும் நேர்ந்துகொள்வதில்லை. எனக்கே ஐந்து வயதில் ஒருமுறை, பதினொன்றில் ஒருமுறை மொட்டை. பதினொன்றில் பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தார்கள், ஒரு மாதம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போனேன். ஏன் என் முடி என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் வந்தால் கசாயம் குடிப்பதுபோல அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

மகள் பிழைத்து வீடு வந்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறைச் சாக்கடை வாயில் எல்லாம் கொத்துக் கொத்தாக. காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான், தானாக வளரும், முட்டையும் கீரையும் கொடுங்கள் என்றார் டாக்டர். அவள் கண்ணாடி முன்னால் நின்று வகிட்டை விரித்து விரித்துப் பார்த்து அழுவாள். "நான் வளத்துத் தர்றேன், நீ அழாத" என்றேன். அந்த நேரத்தில் போய் நேர்த்திக்கடனைப் பற்றி எப்படிச் சொல்வது? வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் மட்டும் சொல்லியிருந்தேன், அவளிடம் சொல்லவில்லை. அதோடு இன்னொன்றும் என் மனதில் இருந்தது. கொட்டிப்போன தலையைச் சாமிக்குக் கொடுப்பது மரியாதை இல்லை, நன்றாக வளர்த்து நிறைவாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வெளியே சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு பக்கெட்டும் அவளுக்கு. எனக்குப் போர்வெல் தண்ணீர். சனிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் அவள் தலையில் எண்ணெய் வைத்து விரல் நுனியால் அழுத்தித் தேய்ப்பேன். வெந்தயத்தை ஊறவைத்து, பின்வீட்டுச் செம்பருத்தி இலையோடு அரைத்துப் பூசி, அரைமணி கழித்துச் சீயக்காய்த் தூளைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்து அலசிவிடுவேன். ஒருநாள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். யாரோ ஒரு பெண் அரிசி கழுவிய தண்ணீரை அழகான பாட்டிலில் ஊற்றித் தலையில் தெளித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது ரொம்ப நல்லதாம், ட்ரை பண்ணலாமா?" என்றாள். அவள் தலையிலிருந்து அப்போதுதான் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னாள், முடியாது என்றேன். வெயிலில் அந்த நாற்றத்தோடு பஸ் ஏறிப் பார் என்றேன். காலேஜ் போகும்போது பருத்தித் துப்பட்டாவை நானே அவள் தலையில் போட்டுவிடுவேன், தெருமுனை தாண்டியதும் அவள் எடுத்துவிடுவாள். சண்டை போட்டுக்கொண்டே மாசி, பங்குனி போயிற்று. நெற்றியோரத்தில் குட்டி குட்டியாகப் புது முடி எழுந்து நின்றது. பின்னல் மறுபடி கைக்கு அடக்கமாகத் தடித்தது. அவள் கண்ணாடி பார்த்து அழுவதை விட்டுவிட்டாள். சாமிக்காகத் தேய்த்தேனா, அவளுக்காகத் தேய்த்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். இப்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை மாலை. அவள் எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், என் இரண்டு கையிலும் எண்ணெய். போன் அடித்தது. ராமாபுரத்திலிருந்து என் தம்பி. கை எண்ணெய்யாக இருந்ததால் அவளே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வர்ற அமாவாசைக்கு வண்டி சொல்லிட்டேன். நீங்களும் மாமாவும் ஹனூர் வந்துருங்க. பாப்பா முடிய எறக்கிட்டு அன்னிக்கே திரும்பிரலாம்" என்றான்.

"செரி, அப்பறம் பேசறேன்டா" என்று நான் அவசரமாகச் சொன்னேன். அதற்குள் அவள் போனை அணைத்துவிட்டாள். திரும்பவில்லை. "யார் முடி?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

சொன்னேன். ஆஸ்பத்திரி, குழாயடி, எல்லாம் சொன்னேன்.

"என்னைக் கேட்டியா?"

"நீ நெனவில்லாமக் கெடந்த."

"அப்புறம் ஆறு மாசம் நெனவோடதானே இருந்தேன்? அப்பவும் ஏன் சொல்லல?" இப்போது திரும்பினாள். "நான் என்ன நேர்ந்து விட்ட ஆடா? அதுக்குத்தான் ஒவ்வொரு வாரமும் எண்ணெ தேச்சு வளத்தியா?"

எனக்கு வாய் அடைத்துப்போயிருக்க வேண்டும். அடைக்கவில்லை, அதுதான் என் சுபாவம். "உசுரு போயிருந்தா முடி எங்கடி இருக்கும்?" என்று கத்தினேன். அவள் அதைவிடச் சத்தமாகக் கன்னடத்தில் கத்தினாள். சூப்பர்வைசரிடம் நான் சொன்னதை நான்தான் வீட்டில் வந்து பத்துத் தடவை பெருமையாகச் சொல்லியிருந்தேன், அந்த 'தலை என்னோடது' என்பதையே எடுத்து என் முகத்தில் அடித்தாள். எண்ணெய் பாதி தேய்த்த தலையோடு எழுந்து போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் சண்டை பிடிக்காதவர். "பூமுடி குடுத்தாப் போதும். நுனியில ரெண்டு விரக்கடை வெட்டிப் போட்டாச் சாமி வேண்டாம்னா சொல்லப்போகுது?" என்றார். முழு முடி தருகிறேன் என்று சொல்லிவிட்டு நுனியைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. சாமியிடம் போய்ப் பேரம் பேச முடியாது என்றேன். "அப்ப மககிட்டப் பேசு" என்றார். மகள் பேசத் தயாராக இல்லை.

அடுத்த இரண்டு வாரம் அவள் என்னைத் தலையைத் தொடவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பிடித்து வைத்த இரண்டு பக்கெட்டும் மூடியது மூடியபடியே இருந்தது. குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. போர்வெல் தண்ணீரும் பாக்கெட் ஷாம்பூவும். வெளியே வந்தபோது முடி வைக்கோல் போல விறைத்து நின்றது, ஈரத்தோடு அதை இறுக்கிக் கொண்டை போட்டாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று தெரிந்தது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதும் தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், அமாவாசைக்கு எப்படிக் கூட்டிப்போகாமல் விடுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வீடு வெந்தது. அவள் அறைக் கதவு உள்பக்கம் தாழ்போட்டிருந்தது. கைவிசிறி அவள் அறையில் இருந்தது, அதற்காகக் கூப்பிட்டேன், பதில் இல்லை. சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வேக்காட்டில் துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சை முன்னால் நெற்றியில் போட்டிருந்தாள். முகம் முழுக்க வியர்வை. காற்றுப் படட்டும், தலையெல்லாம் வேர்க்குரு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு அந்த முடிச்சைத் தளர்த்தப் போனேன்.

விரல் பட்டதும் விழித்துக்கொண்டாள். "பேடா, அம்மா, பேடா!" என்று அலறியபடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் ஒடுங்கினாள்.

வேண்டாம் என்று அவள் கெஞ்சியது என்னிடம். தூங்கும்போது வந்து நான் வெட்டிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். அதற்காகத்தான் தாழ்ப்பாள், அதற்காகத்தான் துப்பட்டா. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவள் அப்படிப் பயந்து நான் பார்க்கவில்லை. "விசிறி எடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தேன். என் மகளுக்கு என்னைக் கண்டு பயம். அதை என்னால் தாங்க முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, அவள் தலையில் யாரும் கை வைக்கப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். சாமிக்குச் சொன்ன சொல்லையும் விடப்போவதில்லை.

அமாவாசை அன்று நானும் வீட்டுக்காரரும் மட்டும் முதல் பஸ் பிடித்தோம். ஹனூரில் தம்பி வண்டியோடு நின்றிருந்தான்.

"பாப்பா எங்கக்கா?"

"அவ வரல."

"அப்பறம் முடி?"

"வந்திருக்கு, வண்டிய எடு" என்று என் கொண்டையைக் காட்டினேன்.

அவன் வண்டியை எடுக்கவில்லை. மாமா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொம்பளை மொட்டை போடுவதா, ஊரில் என்ன பேசுவார்கள் என்று ஆரம்பித்தான். மாமாவைக் கேளு என்றேன். அவர், "உங்கக்கா சொன்னா சொன்னதுதான், எடு" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

மேலே நல்ல கூட்டம். முடி எடுக்கிறவர் என் கொண்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பூமுடியா, பூராவா?" என்று இரண்டு தடவை கேட்டார். பூராவும் என்று இரண்டு தடவையும் சொன்னேன். தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். பக்தியில் உருகினேன் என்று சொன்னால் பொய். அழுதேன். முடி மடியில் விழ விழ எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பதினோரு வயது மொட்டைக்குப் பிறகு நாற்பது வயது வரை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தது. அதே அழுகையோடு சன்னதிக்குப் போய், முந்தானையிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்த ஒற்றை ரூபாயை உண்டியலில் போட்டேன்.

"மாதப்பா, சொன்னது நானு. தப்பாச் சொல்லிட்டேன். அவுளுதக் குடுக்க எனக்கு என்ன பாத்தியம்? என்னுதக் குடுத்துட்டேன். பத்தலைன்னா என்கிட்ட வா. அவகிட்டப் போகாத" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி விலகி நின்றாள்.

வீட்டில் கதவைத் திறந்த மகள் என் தலையைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. "யாரு உன்ன இதப் பண்ணச் சொன்னா?" என்றாள். உள்ளே போய்விட்டாள், ஆனால் தாழ் போடவில்லை.

மறுநாள் அப்படியே வேலைக்குப் போனேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போ என்று நாத்தனார் போனில் புத்தி சொன்னாள். நான் எதற்கு மூடிக்கொள்ள வேண்டும்? திருடிவிட்டா வந்தேன்? பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், நானும் திரும்பப் பார்த்தேன். "இப்ப தொப்பி சரியா இருக்குமே" என்றார் சூப்பர்வைசர். முன்பும் சரியாகத்தான் இருந்தது என்றேன். வெயில் மட்டும் நேராக மண்டையில் இறங்கியது. மத்தியானம் குழாயைத் திறந்து தலையைக் கீழே பிடித்துக்கொள்வேன், அதற்கு ஒரு தனிச் சுகம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். சாப்பாடு, காலேஜ், கரண்ட் பில் என்று. முடியைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அவள் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நின்றிருந்தாள். முடி கழுத்தோடு வெட்டியிருந்தது. இடுப்பு வரை இருந்த முடி. தோழி வீட்டுக்குப் போய் அவளை வெட்டச் சொன்னாளாம். "தாங்க முடியல அம்மா, என்னா வெயிலு" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பக்கெட் தண்ணீர். சாமிக்கும் இல்லாமல் தனக்கும் இல்லாமல் எவள் வீட்டுக் குப்பையிலோ கிடக்கிறது. அதைக் காப்பாற்ற நான் மொட்டைத் தலையோடு நிற்கிறேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், எதற்கும் தயாராக. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்றதைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"உன் முடி" என்றேன் கடைசியில். "ஆனா பின்னாடி கோணலா வெட்டியிருக்கா."

"கோணலாவா?" என்று பின்னங்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். நாளைக்கு எப்படிக் காலேஜ் போவது என்று புலம்பிக்கொண்டே உள்ளே போனவள், கத்தரிக்கோலோடு வந்தாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் தரையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நீயே சரி பண்ணு" என்று தலையைக் குனிந்தாள்.

அவள் பின்னங்கழுத்து முடியை விரலால் நீவி இறக்கினேன். கோணலாக இருந்த இடத்தை மட்டும் வெட்டினேன்.